ஓடிஜி இல்லாமல் குட்டி பீட்சா: பிறந்தநாள் விருந்துக்கு ஆகுமா?

மே 3, காலை (ஒரு வாசகியின் கேள்வி)

வர்ற 18ஆம் தேதி பையனுக்கு ஆறாவது பிறந்தநாள். கேக்கோடு குட்டி குட்டி பீட்சாவும் வேணும்னு அடம்பிடிக்கிறான். வீட்டில் ஓடிஜி (கரண்ட்டில் ஓடும் சின்ன ஓவன்) கிடையாது. தோசைக்கல்லில் செய்து பார்த்தேன். அடி கருகிப் போச்சு, நடுவில் சொதசொதன்னு இருக்கு, சீஸ் உருகவே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா, "ஓவன் இல்லாம பீட்சா ஆகாது, கடையில் சொல்லிடு" என்கிறார். பிள்ளைகள் 20 பேர், பெரியவங்க 10 பேர் வருவாங்க. அவர் சொல்றது சரிதானா?

மே 3, மதியம்

ஆகும், தாராளமாக ஆகும். ஓடிஜி இருப்பவர்கள் ஒரே மூச்சில் செய்வதை நாம் இரண்டு தவணையாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் சொன்ன மூன்று கோளாறுக்கும் வேர் ஒன்றுதான். தோசைக்கல்லில் சூடு கீழிருந்து மட்டும் வருகிறது. பச்சை மாவின் மேல் சாஸ், காய், சீஸ் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டால், அடி வெந்து முடியும்போது மேலே சூடே போய்ச் சேர்ந்திருக்காது. சீஸ் உருகட்டும் என்று விட்டால் அடி கருகும். இத்தாலியின் நேப்பிள்ஸ் ஊர் விறகு அடுப்பில் 430 முதல் 480 டிகிரி செல்சியஸ் வரை சூடு இருக்கும். பீட்சா 60 முதல் 90 நொடியில் வெந்து வெளியே வந்துவிடும். தளத்தின் கல் அடியை வேகவைக்கும், மேல் வளைவும் தீயும் மேல்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும். வீட்டு ஓடிஜிகூட பெரும்பாலும் 250 டிகிரியோடு நின்றுவிடும். அதனால் கடைப் பீட்சாவைச் சின்னதாக்கிச் செய்யப் பார்க்காதீர்கள்.

மாவை மட்டும் தனியாக, முக்கால்வாசி வேகவைத்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விருந்தன்று அடுப்புக்கு மிச்சமிருப்பது சீஸை உருக்கும் வேலை ஒன்றுதான். இந்தக் கேள்வி பதில் இழையில் இனி நான் எதை எழுதினாலும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும்.

மே 3, இரவு

மாவுக் கணக்கு கேட்டிருந்தீர்கள். மைதா 250 கிராம், தண்ணீர் 155 மில்லி, உப்பு ஒரு டீஸ்பூன், சர்க்கரை ஒரு டீஸ்பூன், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன், எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன். சப்பாத்தி மாவைவிட இளக்கமாக, கையில் லேசாக ஒட்டும் பதத்தில் இருக்க வேண்டும். ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மாவு தூவிவிட்டால் வெந்த பிறகு பிஸ்கட் மாதிரி விறைத்துவிடும். மாவு தூவாமல், கையில் எண்ணெய் தொட்டுக்கொண்டு எட்டு நிமிடம் பிசையுங்கள். ஒரு சின்ன உருண்டையை விரல்களால் இழுத்துப் பார்த்தால் கிழியாமல் மெல்லிசாக விரிய வேண்டும். பரோட்டாக் கடையில் மாவு விரிவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இரண்டு மடங்காக உப்பியதும், 15 கிராம் உருண்டையாகப் பிடித்தால் 28 வரும். ஒவ்வொன்றையும் 6 சென்டிமீட்டர் வட்டமாகத் தட்டினால் இரண்டு கடிக்குச் சரியாக இருக்கும். ஒரே வாய் அளவு வேண்டுமென்றால் 10 கிராம் போதும். உருண்டை பிடிக்கப் பொறுமை இல்லையென்றால், மொத்தமாகத் தேய்த்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வெட்டிக்கொள்ளலாம். வெட்டியது போக மீந்த மாவை உடனே தேய்த்தால் சுருங்கும். பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டுத் தேயுங்கள்.

தட்டிய வட்டத்தில் முள்கரண்டியால் ஐந்தாறு இடத்தில் குத்த வேண்டும். குத்தாவிட்டால் கல்லில் உப்பிக்கொள்ளும், அப்புறம் மேலே எதுவும் நிற்காது. கல் மிதமாகக் காய்ந்ததும் பக்கத்துக்கு ஒரு நிமிடம், ஒன்றேகால் நிமிடம். அங்கங்கே பழுப்புப் புள்ளி விழுந்தால் எடுத்துவிடலாம்.

மே 4, காலை

ஈஸ்ட் அளவைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஒரு டீஸ்பூன் என்றது மழைக்காலக் கணக்கு. இந்த மே மாத மதுரை வெயிலில் சமையலறையே 36 டிகிரி காய்கிறது. அரை டீஸ்பூன் போதும், அதுவே முக்கால் மணி நேரத்தில் பொங்கி நிற்கும். வெதுவெதுப்பான தண்ணீர் என்று எல்லாக் குறிப்பிலும் எழுதியிருப்பார்கள். அது குளிர் நாட்டுக்காரர்களுக்கு. கொடைக்கானலில் இருப்பவர்களும் எடுத்துக்கொள்ளலாம். கீழ்நாட்டில் இருக்கும் நமக்குப் பானைத் தண்ணீர் போதும். சுடுதண்ணீர் ஊற்றினால் 60 டிகிரியை நெருங்கும்போதே ஈஸ்ட் செத்துவிடும்.

நேரம் இருந்தால், கால் டீஸ்பூன் ஈஸ்ட் மட்டும் போட்டு முதல் நாள் இரவே பிசைந்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மெதுவாகப் புளிக்கிற மாவுக்குத் தனி வாசம் உண்டு. மைதாவின் பச்சை வாடை அடியோடு போய்விடும். எனக்குப் பிடித்தது இதுதான்.

மே 4, மாலை

"ஈஸ்ட் வாங்கி ஆறு மாசமாச்சு, நல்லாயிருக்கா எப்படிப் பார்ப்பது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கால் டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சிட்டிகை சர்க்கரை, அரை டீஸ்பூன் ஈஸ்ட். பத்து நிமிடத்தில் நுரை கட்டினால் உயிரோடு இருக்கிறது. கட்டாவிட்டால் பாக்கெட்டைத் தூக்கிப்போடுங்கள். அதை வைத்து மாவைப் பாழாக்க வேண்டாம்.

மே 5

சாஸ். பாட்டில் கெச்சப்பை அப்படியே தடவுகிற வழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இனிப்பு பிடிக்கும் என்பதால் அது செல்லுபடியாகிவிடுகிறது. ஆனால் கெச்சப்பின் சர்க்கரையும் வினிகரும் சீஸின் ருசியை மூடிவிடும். அரைக் கிலோ தக்காளியில் வீட்டிலேயே செய்துவிடலாம், அரை மணி நேர வேலை.

நாட்டுத் தக்காளியில் புளிப்பும் சாறும் அதிகம். பெங்களூர் தக்காளியில் சதை அதிகம், புளிப்பு குறைவு. நான் பாதிக்குப் பாதி போடுவேன். கீறி, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டுத் தோலை உரித்து, விதையை வழித்துவிட்டு அரைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்பூன் எண்ணெயில் நான்கு பல் பூண்டைப் பொடியாக நறுக்கிப் போட்டு, நிறம் மாறுவதற்கு முன் தக்காளியை ஊற்ற வேண்டும். பூண்டு சிவந்தால் கசக்கும். உப்பு, சில்லி ஃபிளேக்ஸ், கால் டீஸ்பூன் சர்க்கரை. கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால், இரண்டு பக்கமும் உடனே சேர்ந்துகொள்ளாமல் அந்தக் கோடு அப்படியே நிற்க வேண்டும். அதுவரை வற்றவிடுங்கள். பெரிய பீட்சாவில் சாஸ் கொஞ்சம் நீர்த்திருந்தாலும் சமாளிக்கலாம். ஆறு சென்டிமீட்டர் வட்டத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடினாலும் அடி நமுத்துவிடும். ஒன்றுக்கு ஒரு டீஸ்பூன் சாஸ், அதற்கு மேல் வேண்டாம்.

ஓரிகானோ என்கிற காய்ந்த வாசனை இலையை உள்ளங்கையில் வைத்து நசுக்கி, அடுப்பை அணைத்த பிறகு தூவுங்கள்.

மே 5, இரவு

ஓரிகானோ கிடைக்காத ஊரிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். வீட்டு வாசலில் கற்பூரவல்லி இருக்கிறதா, பாருங்கள். ஓரிகானோவுக்கு வாசம் தருகிற கார்வக்ரால் என்ற பொருள் கற்பூரவல்லியிலும் இருக்கிறது. ஓமத்தில் தைமால் இருக்கிறது. அதுவும் அந்தக் குடும்பத்து வாசம்தான். அரைக் கிலோ தக்காளி சாஸுக்குக் கற்பூரவல்லி இலை ஒன்றே ஒன்று, நரம்பை நீக்கிப் பொடியாக நறுக்கி, பூண்டோடு எண்ணெயில் வதக்கிவிட்டால் போதும்.

அளவு கூடினால் கஷாய வாடை வந்துவிடும். சளிக்கு இந்த இலைச்சாற்றைக் குடித்து வளர்ந்த பிள்ளைகள் மூக்கை வைத்ததுமே கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தப் பயம் இருந்தால் ஓமம் நல்லது: இரண்டு சிட்டிகை, வெறும் சட்டியில் சூடாக்கி நசுக்கியது.

மே 6

சீஸ் உருகாததற்கு அடுப்பு மட்டும் காரணமில்லை. எந்த சீஸ் வாங்கினீர்கள் என்று சொல்லவில்லையே! கடையில் கட்டியாகக் கிடைக்கும் மொசரெல்லா இழுபடும். பால் திரித்த கட்டியைச் சுடுநீரில் போட்டு இழுத்து இழுத்துச் செய்வதால் அந்த நூல் பதம் அதற்கு வந்துவிடுகிறது. கியூபாக வரும் பிராசஸ்டு சீஸில் உருகும்போது எண்ணெய் பிரியாமல் இருக்க அதற்கென்று உப்புகள் சேர்த்திருப்பார்கள். அதனால் வழுவழுவென்று இளகும், நூலாக வராது. ஆனால் உப்பும் ருசியும் அதில்தான் அதிகம். மூன்று பங்கு மொசரெல்லாவுக்கு ஒரு பங்கு கியூபைத் துருவிக் கலந்தால் இழுவையும் கிடைக்கும், பிள்ளைகளுக்குப் பழகிய ருசியும் கிடைக்கும்.

விலை குறைவாக இருக்கிறதே என்று எடுக்கும் பாக்கெட்டைத் திருப்பி ஒருமுறை படித்துவிடுங்கள். அனலாக் என்று போட்டிருந்தால் பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்தது. அதற்குப் பிள்ளைகளின் பிறந்தநாளில் இடம் கொடுக்க எனக்கு மனம் வராது. காசு இடிக்கிறதென்றால் உண்மையான சீஸையே கொஞ்சம் குறைத்துப் போடலாம். 6 சென்டிமீட்டருக்கு 8 கிராம் தாராளம்.

மே 6, இரவு

முக்கியமான ஒன்று மேலே விட்டுப்போயிற்று: மூடி.

தோசைக்கல்லில் மூடி போட்டு உருக்கும்போது மூடியின் உள்பக்கம் வியர்த்து, இரண்டாவது நிமிடத்தில் சொட்டு விழ ஆரம்பிக்கும். சீஸின் மேல் வெளுத்த பள்ளமாக ஒரு தடம் தெரியும், பார்த்திருப்பீர்கள். நல்ல குழிவான மூடியாக எடுத்து, வெள்ளைத் துணியால் இறுக்கி மேலே முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். ஆவியைத் துணி குடித்துவிடும். முடிச்சு மேலே இருக்கட்டும், துணி நுனி தீப்பக்கம் தொங்கக் கூடாது. அது சிரமம் என்றால் நடுவில் ஒருமுறை மூடியைச் சட்டென்று பக்கவாட்டில் எடுத்துத் துடைத்துவிட்டு மூடலாம்.

மே 7

மேலே ஒரு தம்பி, "பீட்சாவுக்குச் சாம்பார் தொட்டுக்கலாமா அக்கா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறார். சாம்பாரோடு நான் சாப்பிட்டுப் பார்த்ததில்லை. ஆனால் பூண்டு தக்காளிக் கார சட்னியை, தாளிக்காமல், நன்றாக வற்றவைத்து சாஸாகத் தடவிப் பாருங்கள் தம்பி. பெரியவர்கள் தட்டு முதலில் காலியாகும்.

மே 8

ஒரே வாயில் போடுவதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த பாத்திரம் பணியாரக்கல். தோசைக்கல்லில் கீழே மட்டும் சூடு. பணியாரக் குழியிலோ பக்கச் சுவர் முழுக்கச் சூடு; உருண்டையின் பாதி மேனியை ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்கிறது. திருப்பிப் போட்டால் மறுபாதியும் ஆயிற்று. மேலிருந்து சூடு வேண்டும் என்கிற பிரச்சினையே இல்லை.

செய்முறை இப்படி: அதே மாவில் 15 கிராம் உருண்டை. உள்ளங்கையில் தட்டி, நடுவில் அரை டீஸ்பூன் வற்றிய சாஸ், சுண்டுவிரல் நுனி அளவு மொசரெல்லாத் துண்டு ஒன்று, விருப்பமிருந்தால் வதக்கிய குடைமிளகாய் நாலு துணுக்கு. கொழுக்கட்டைக்கு மூடுகிற மாதிரியே ஓரங்களைக் கூட்டி மூடி, முடிச்சு கீழே வரும்படி பத்து நிமிடம் வைத்திருங்கள். குழிக்கு அரை டீஸ்பூன் எண்ணெயோ வெண்ணெயோ விட்டு, முடிச்சுப் பக்கம் கீழே இருக்கும்படி போட்டு, சிம்மில் மூடி ஐந்து நிமிடம். குச்சியால் திருப்பி, மூடாமல் மூன்று நான்கு நிமிடம். தீ கூடினால் வெளியே சிவந்து உள்ளே பச்சையாக இருக்கும். அதனால் கல் காய்ந்ததும் சிம்முக்கு வந்துவிட வேண்டும்.

வெளியே எடுத்ததும் பூண்டு போட்டு உருக்கிய வெண்ணெயை மேலே தடவி, ஓரிகானோ தூவினால் வாசம் தெரு வரைக்கும் போகும். ஓரம் சரியாக மூடாமல் கொஞ்சம் சீஸ் ஒழுகிக் குழியில் படும் பாருங்கள், அங்கே மொறுமொறுவென்று பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் பிடித்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் அந்த உருண்டைக்குத்தான் சண்டை.

மே 8, சற்று நேரம் கழித்து

இரும்புக் கல்லா நான்ஸ்டிக்கா என்றால், இந்த வேலைக்கு நன்றாகப் பழகிய வார்ப்பிரும்பு. சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சிம்மில் வைத்தாலும் சிவக்கும். புதுக் கல்லில் சீஸ் ஒட்டிக்கொண்டு வராது. முதலில் சில நாட்கள் பணியாரமே சுட்டுப் பழக்குங்கள்.

மே 9

இட்லி மாவில் செய்தால் என்ன, ஈஸ்ட் தொல்லையே இல்லையே என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். இன்னொருவர், அது பீட்சாவே இல்லை, பெயரைக் கெடுக்காதீர்கள் என்று கோபப்பட்டிருக்கிறார்.

நான் அதை அடிக்கடி செய்கிறேன், ஆசையாகச் சாப்பிடுகிறோம். ஆனால் பீட்சா என்று தட்டில் வைக்க மாட்டேன். காரணம் ருசிதான். புளித்த மாவின் புளிப்பும் தக்காளியின் புளிப்பும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், சீஸ் அடங்கிப்போகும். இட்லி மாவென்றால் தக்காளி சாஸை விட்டுவிடுங்கள். வெங்காயம், குடைமிளகாய், சோளம், நடுவில் சீஸ், மிளகு. அது சீஸ் பணியாரம். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு மாலை நாலரை மணிக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது. முதல் நாள் அரைத்த, அதிகம் புளிக்காத மாவாக இருக்கட்டும்.

மே 10

பிரெட் பீட்சாவை மட்டமாகப் பேச வேண்டாம். திடீரென்று விருந்தாளி வந்துவிட்டால் பதினைந்து நிமிடத்தில் கைகொடுப்பது அதுதான். ஒரே ஒரு நுணுக்கம்: டம்ளரால் வட்டமாக வெட்டிய பிரெட்டை ஒரு பக்கம் மட்டும் வெண்ணெயில் மொறுமொறுப்பாக வாட்டுங்கள். பிறகு வாட்டிய பக்கம் மேலே வரும்படி திருப்பி, அதில் சாஸ் தடவுங்கள். வாட்டிய பக்கத்தில் சாஸ் உள்ளே இறங்காது. வாட்டாத பக்கம் இப்போது கல்லில் சிவந்துகொள்ளும்.

மேலே சொன்ன மாவு வட்டத்துக்கும் இதே முறைதான். முதல் தடவை நன்றாகச் சிவந்த பக்கத்தை மேலே வையுங்கள்.

மே 11

கொஞ்சம் தடம் மாறுகிறேன். இத்தாலியில் பிள்ளைகளின் பிறந்தநாள் மேசையில் பிட்செட்டே என்கிற உள்ளங்கை அளவுக் குட்டி பீட்சாக்கள் இருக்கும். பேக்கரியில் தட்டுத் தட்டாக வாங்கிவருவார்கள். பப்ஸ் மாவுத் தகட்டில் செய்ததும் உண்டு. ஆகவே உங்கள் மகன் கேட்டது ஒன்றும் புதுமோகம் இல்லை, பீட்சா பிறந்த நாட்டு வழக்கம்தான். நம் ஊரிலும் பழகிய பேக்கரிக்காரரிடம் முன்னாலேயே சொல்லிவைத்தால் சில இடங்களில் பப்ஸ் மாவுத் தகடு கொடுப்பார்கள். ஆனால் அதற்கு ஓவன் இல்லாமல் முடியாது, கல்லில் வைத்தால் அடுக்குப் பிரியாது.

அமெரிக்காவில் இன்னொரு கதை. மின்னசோட்டா மாநிலத்து டுலூத் ஊரில் ஜீனோ பவுலூச்சி என்று ஒருவர். இத்தாலியிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர், சீன உணவு தயாரித்து விற்று முன்னேறியவர். எக் ரோல் செய்கிற மாவுத் தகட்டுக்குள் பீட்சா பூரணத்தை வைத்து 1960களில் பீட்சா ரோல் என்று இறக்கினார். அந்த ஊர்ப் பிள்ளைகள் அதைத் தின்று வளர்ந்தார்கள்.

இதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது நம் ஊர் வெங்காய சமோசாத் தகடு. அதில் சாஸும் சீஸும் வைத்து மடித்து, மைதாப் பசையால் ஓரத்தை ஒட்டி, இருபது நிமிடம் ஃபிரீசரில் இறுகவிட்டுப் பொரித்தால் அதே சங்கதி. இறுகவிடாமல் போட்டால் சீஸ் வெளியே வந்து எண்ணெய் முழுக்கத் தெறிக்கும். பொரிக்கும்போது பிள்ளைகள் அடுப்பங்கரைப் பக்கம் வர வேண்டாம்.

மே 13

மேலே என்ன வைப்பது என்பதற்கு ஒரே விதி: தண்ணீர் விடக்கூடாது. குடைமிளகாய், வெங்காயம், காளான் எதுவானாலும் பொடியாக நறுக்கி, அதிகத் தீயில் இரண்டு நிமிடம் வதக்கி ஆறவிடுங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள். முதலில் போட்டால் காய் தண்ணீர் விட்டு வேக ஆரம்பித்துவிடும். பனீரைப் பட்டாணி அளவு நறுக்கி மிளகாய்த்தூள், உப்பு பிரட்டி வாட்டுங்கள். தக்காளித் துண்டு வேண்டவே வேண்டாம், சாஸிலேயே இருக்கிறது.

அசைவம் என்றால் முழுக்க வெந்ததை மட்டும் வையுங்கள். நான்கு நிமிடச் சூட்டில் பச்சைக் கோழி வேகாது. எங்கள் ஊர்க்காரியாகச் சொல்கிறேன், நன்றாகச் சுருண்ட மட்டன் சுக்காவை உதிர்த்து, அதன் மேல் சீஸ் வைத்துப் பாருங்கள். மிளகும் சோம்பும் சீஸோடு சேர்ந்து வருகிற அந்த ருசிக்கு ஓரிகானோ தேவையே இல்லை. குழம்புப் பதத்தில் இருக்கும் கறி சரிப்படாது.

மே 14

குக்கரில் மணல் போட்டு பேக் செய்யலாமா என்று கேட்கிறீர்கள். கேக்குக்கு அப்படிச் செய்து பழகியவர்கள் நிறைய. எனக்கு அதில் விருப்பமில்லை. தண்ணீர் இல்லாமல் வெறும் சூட்டில் குக்கரைக் காயவைத்தால் உலோகம் பலம் இழக்கும். மறுநாள் அதிலேயே பருப்பு வேகவைத்து விசில் விடப் போகிறோம். அதற்குப் பதில் பழைய அடிகனமான அலுமினிய அண்டாவோ இரும்புச் சட்டியோ எடுங்கள். அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கல்லுப்பு, அதன் மேல் ஒரு வளையம், மேலே கனமான மூடி. மிதமான தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் காய்ந்ததும், அரைவேக்காட்டு பீட்சாக்களைத் தட்டில் அடுக்கி உள்ளே வைத்தால் ஆறு ஏழு நிமிடத்தில் சீஸ் உருகிவிடும். உப்பை ஆறவைத்து டப்பாவில் போட்டு அடுத்த முறைக்கும் வைத்துக்கொள்ளலாம், சமையலுக்கு ஆகாது.

ஏர் ஃபிரையர் வைத்திருப்பவர்களுக்கு: 180 டிகிரி, நான்கு ஐந்து நிமிடம். உள்ளே விசிறி வேகமாகச் சுற்றுவதால் லேசான காய் பறக்கும். காயை முதலில் வைத்து, மேலே சீஸை வைத்து அமுக்கிவிடுங்கள். ஓடிஜி இருந்தால் 220 டிகிரியில் கால் மணி நேரம் காயவைத்து, மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டையும் போட்டு ஐந்து ஆறு நிமிடம்.

மே 16

18ஆம் தேதிக்குக் கணக்குப் போட்டுவிடுவோம். கேக்கும் வேறு பலகாரமும் இருப்பதால் தலைக்கு மூன்று வைத்தால் 90. கையில் 100 இருக்கட்டும். அதற்கு மைதா 900 கிராம், சீஸ் 800 கிராம், தக்காளி ஒன்றரைக் கிலோ போதும். அரைவேக்காட்டு வட்டங்களை 17ஆம் தேதியே சுட்டு, முழுக்க ஆறவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். சூடாக அடைத்தால் வியர்த்து நமுத்துவிடும். ஃபிரீசரில் என்றால் முதலில் தட்டில் பரப்பி உறையவைத்துவிட்டுப் பிறகு பையில் போடுங்கள், ஒன்றோடொன்று ஒட்டாது. ஒரு மாதம் வரை தாங்கும். சாஸும் அன்றே. சீஸைத் துருவி, காயை வதக்கி வைத்துவிட்டால் பிறந்தநாளன்று அம்மா வேர்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை, கேக் வெட்டும்போது பிள்ளை பக்கத்தில் இருக்கலாம். நான் இவ்வளவு எழுதுவது அதற்காகத்தான்.

பெரிய தோசைக்கல்லில் ஒரு தடவைக்கு 12 வைக்கலாம். சிம்மில் மூடி போட்டு நான்கு நிமிடம். இரண்டு அடுப்பில் இரண்டு கல் போட்டால் 100 பீட்சாவும் அரை மணி நேரத்துக்குள் ஆகிவிடும். மொத்தத்தையும் முன்னாலேயே சுட்டு அடுக்காதீர்கள். கேக் வெட்டி, பாட்டுப் பாடி, பிள்ளைகள் உட்காரும்போது முதல் கல், அவர்கள் தின்னும்போது அடுத்த கல்.

மே 16, இரவு

இந்த வெயிலுக்கு ஒரு எச்சரிக்கை. 32 டிகிரிக்கு மேல் இருக்கிற நாளில் சீஸும் கறியும் வைத்த பண்டம் வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மொட்டைமாடியில் பந்தல் போட்டு விருந்து வைப்பவர்கள் கவனியுங்கள்.

பணியார உருண்டையை எடுத்த உடனே பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். வெளியே ஆறினது போலிருக்கும், உள்ளே சீஸ் கொதித்துக்கொண்டிருக்கும். ஒன்றைப் பிய்த்துப் பாருங்கள், ஆவி அடங்கினால் கொடுக்கலாம். நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு நாலாக நறுக்கிக் கொடுங்கள். உருண்டையாக ஆலிவ், வட்டமாக வெட்டிய சாசேஜ் இரண்டும் அவர்கள் தட்டில் இருக்கக் கூடாது, தொண்டையில் அடைக்கும்.

மே 20

கோதுமை மாவில் செய்யக் கேட்டவருக்குப் பதில் தாமதமாகிவிட்டது. சப்பாத்தி மாவு மைதாவைவிட நிறையத் தண்ணீர் குடிக்கும். 250 கிராமுக்கு 180 மில்லி வரை போகும். தவிடு இருப்பதால் இழுவை குறையும். பாதி கோதுமை, பாதி மைதா என்று ஆரம்பியுங்கள். தண்ணீர் ஊற்றிக் கலந்ததும் இருபது நிமிடம் மூடி வைத்துவிட்டு, அப்புறம் பிசைந்தால் பாதி வேலையை மாவே செய்துவிடும். கேழ்வரகு சேர்ப்பதென்றால் கால் பங்கைத் தாண்டாதீர்கள், உதிர்ந்துவிடும்.

முழுக் கோதுமையில் பணியார உருண்டை நன்றாக வருகிறது, ஏனென்றால் மூடிய மாவுக்கு அவ்வளவு இழுவை தேவைப்படாது. தட்டையான வட்டத்துக்கு மட்டும் மைதா கலந்துகொள்ளுங்கள்.

மே 22

மீந்ததைச் சூடாக்குவது பற்றி. மைக்ரோவேவில் வைத்தால் மாவு ரப்பராகிவிடும். கல்லைச் சிம்மில் வைத்து, பீட்சாக்களை அடுக்கி, ஓரமாகக் கல்லின் மேல் அரை ஸ்பூன் தண்ணீர் தெளித்து உடனே மூடுங்கள். அந்த ஆவியில் சீஸ் இளகும். ஒரு நிமிடம் கழித்து மூடியை எடுத்துவிட்டு இன்னொரு நிமிடம் விட்டால் அடி மறுபடி மொறுமொறுப்பாகும். பிசைந்த மாவு மீந்திருந்தால் ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். அதற்கு மேல் போனால் சாராய வாடை வரும், உபயோகிக்க வேண்டாம்.